மூணு வேளைக்கு ஒரு செட்

எங்கள் தெருவில் யாருக்காவது மேலுக்கு முடியவில்லை என்றால் முதலில் தட்டுவது என் வீட்டுக் கதவைத்தான். நான் டாக்டரும் இல்லை, நர்சும் இல்லை. பத்தாவதே இரண்டாம் தடவை எழுதித்தான் தேறினேன். ராசிபுரத்துக்குப் பக்கத்தில் நாலு விசைத்தறி ஓடுகிற வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள், அவ்வளவுதான் என் தகுதி. ஆனால் எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு ரொட்டி டப்பா இருந்தது. காய்ச்சலுக்கு, வயிற்றுப்போக்குக்கு, பல்வலிக்கு, மேல்வலிக்கு என்று அதில் எல்லாவற்றுக்கும் மாத்திரை இருக்கும். "அரை டாக்டரம்மா" என்று தெருவே கிண்டல் பண்ணும். கிண்டல்தான், இருந்தாலும் எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருக்கும். இப்போது நினைத்தால் என்னை நானே நாலு அறை விடலாம் போலிருக்கிறது.

தறி ஓடுகிற வீட்டில் ஒரு ஆள் படுத்தால் இரண்டு தறி நிற்கும். அதனால்தான் அந்த டப்பா. வேலைக்கு வருகிறவர்கள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு மாத்திரையும் ஒரு டம்ளர் டீயும் கொடுப்பேன். அரை மணி நேரத்தில் எழுந்து தறிக்குப் போய்விடுவார்கள். புண்ணியம் செய்கிறேன் என்றுதான் நினைத்திருந்தேன். ஆளுக்காகக் கொடுத்தேனா தறிக்காகக் கொடுத்தேனா என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

எங்கள் பக்கம் வைத்தியத்துக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் டப்பா. டப்பாவுக்குக் கேட்காவிட்டால் பஸ் ஸ்டாண்டு மெடிக்கல். அதற்கும் கேட்காவிட்டால் ஊசி போடுகிற டாக்டர். சும்மா தொட்டுப் பார்த்துச் சீட்டு எழுதி அனுப்புகிறவரை நாங்கள் மதிப்பதே இல்லை. "ஒரு ஊசிகூடப் போடலீங்க, அவரெல்லாம் என்ன டாக்டரு" என்று வாசலிலேயே சொல்லிவிட்டு வருவோம். காமாலை என்றால் மட்டும் நாமகிரிப்பேட்டைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பச்சிலை அரைத்துக் கொடுப்பார்கள், அங்கே. எல்லாம் கைவிட்ட பிறகுதான் சேலம். சேலத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்றால் ஊரே பழம் வாங்கிக்கொண்டு பார்க்கக் கிளம்பிவிடும்.

இதில் எல்லோருக்கும் தெரிந்த, யாரும் சொல்லித்தராத ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. ஓரிடத்தில் வாங்கித் தின்றதை இன்னோரிடத்தில் சொல்லக் கூடாது. "இதுக்கு முன்னாடி என்ன மாத்திரை சாப்பிட்டீங்க?" என்று டாக்டர் கேட்டால், "ஒண்ணுமில்லீங்க" என்பதுதான் பதில். சொன்னால் திட்டுவார். திட்டு வாங்கவா டோக்கன் போட்டு அரை நாள் காத்திருந்தோம்? இது பொய் என்றுகூட எங்களுக்குத் தோன்றாது. ஏதோ பெரியவர்கள் முன்னால் காலை மடக்கி உட்காருவது மாதிரி ஒரு மரியாதை என்றே நினைத்திருந்தோம்.

என் தங்கை என்னைவிட ஏழு வயது இளையவள். என்னைக் கட்டிக்கொடுத்த ஊரிலேயே அவளையும் கொடுத்தார்கள். எங்கள் வீட்டுக்குப் பின் தெருவில்தான் இருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் ரிக்கு வண்டியில் போர்க்கிணறு போடப் போகிறவர். வடக்கே போனால் ஏழெட்டு மாதம் கழித்துத்தான் ஊர்ப்பக்கம் தலை தெரியும். ஒரே மகள், அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் தறி நாலில் இரண்டை என் தங்கைதான் ஓட்டினாள். வாயில்லாப் பூச்சி. நான் கிழக்கே போ என்றால் கிழக்கே போவாள், ஏன் என்று கேட்க மாட்டாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அதை நான் பாசம் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு அது வசதியாகவும் இருந்தது.

ஒரு மழைக்காலத்தில் அந்த முடக்குக் காய்ச்சல் வந்தது. தெருவில் பாதிப் பேர் படுத்தோம். காய்ச்சல் நாலு நாளில் போய்விட்டது. எல்லோருக்கும் மூட்டுவலியும் ஒரு மாதத்தில் போய்விட்டது, என் தங்கைக்கு மட்டும் போகவில்லை. காலையில் எழுந்தால் விரலை மடக்க முடியாது. அறுந்த நூலைப் பிடித்து முடிச்சுப் போடுவதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அரசு ஆஸ்பத்திரிக்கு ஒரு முறை கூட்டிப்போனேன். அங்கிருந்த டாக்டர் நல்ல மனிதர். "இது ஆற மாசக்கணக்கில் ஆகுமுங்க, மாத்திரையை ஒழுங்காச் சாப்பிட்டு ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா வந்து காட்டுங்க, வெந்நீரில் கையைப் போட்டு எடுங்க" என்றார். ரெண்டு வாரத்துக்கு ஒருக்காவா, தறியை யார் பார்ப்பது என்று நான் வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். அவர் கொடுத்த மாத்திரையை ஒரு வாரம் தின்றாள். வலி அப்படியேதான் இருந்தது. உடனே நிற்காத வலிக்குக் கொடுத்த மருந்தெல்லாம் எங்களுக்கு மருந்தே இல்லை.

ஆகவே நான் மெடிக்கலுக்குப் போனேன். அங்கே சீட்டு வேண்டாம். "மேலு வலிக்கு மூணு வேளைக்கு ஒரு செட்டுங்க" என்றால் போதும். கடைக்காரர் நாலைந்து அட்டைகளை இழுத்து, கத்தரியால் துண்டு போட்டு, மாத்திரைகளைப் பிதுக்கி எடுத்து, விரல் நீளக் காகிதக் கவரில் போட்டு வாயை மடித்துக் கொடுப்பார். ஒரு பெரிய வெள்ளை, ஒரு மஞ்சள், ஒரு சிவப்பு, அப்புறம் பொட்டு அளவில் ஒரு குட்டி வெள்ளை. எதன் மேலும் பேர் இருக்காது. அந்தக் குட்டிதான் வேலை செய்கிறது என்று எங்கள் தெருவுக்கே தெரியும். அது என்ன என்று ஒருவருக்கும் தெரியாது.

"இது என்னத்துக்குக்கா இத்தனை?" என்று கவரைப் பிரித்துப் பார்த்துத் தங்கை கேட்டாள். அவள் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

"வலி போறதுக்குத்தான். முழுங்கு சாமி" என்றேன்.

"நீ குடுத்தா சரியாத்தான் இருக்கும்" என்று முழுங்கினாள்.

சாயந்திரமே விரல் மடங்கியது. மறுநாள் தறியில் நின்று பாட்டு முணுமுணுத்தாள். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. பெரிய ஆஸ்பத்திரியால் ஆகாததை நான் ஒரு கவரில் முடித்துவிட்டேனே. மாத்திரையை விட்டால் நாலாம் நாள் வலி திரும்பி வந்தது. திரும்பவும் வாங்கிக் கொடுத்தேன். அப்புறம் விடவே இல்லை. நான் படி ஏறுவதைப் பார்த்ததும் கடைக்காரர் கத்தரியை எடுத்துவிடுவார். வாயைத் திறந்து கேட்க வேண்டிய வேலையே இருக்காது. ஒன்றரை வருஷம் இப்படிப் போனது.

அந்த ஒன்றரை வருஷத்தில் அவளுக்கு முகத்தில் சதை வைத்தது. ஒட்டிப்போன கன்னம் உப்பி, முகம் வட்டமாகி, பார்க்கப் பூரிப்பாக இருந்தாள். மகளுக்குக் கல்யாணம் கூடி வந்தது. மாப்பிள்ளை வீடு ஓமலூர். கல்யாணத்தில் வந்தவர்கள் எல்லாம் "காய்ச்சல்ல கெடந்தவளா இவ? பொண்ணுக்கு அக்கா மாதிரி ஆயிட்டாளே" என்றார்கள். "எல்லாம் நம்ம கைவைத்தியந்தானுங்க" என்று நான் பந்தியில் நின்று பெருமை பேசினேன். அவள் கையில் அங்கங்கே நீலம் பாரித்திருந்தது. புது வளையல் பட்டுக் கன்றியிருக்கும் என்றேன். அவளும் வளையலைக் கழற்றி வைத்துவிட்டாள். போட்டோவில் அவள் சிரிக்கிற சிரிப்பை இன்றைக்கும் என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை.

கல்யாணம் முடிந்து இரண்டு மாதம் இருக்கும். என் போனுக்கு யாரோ ஒரு வீடியோ அனுப்பினார்கள். மெடிக்கலில் செட் மாத்திரை வாங்கித் தின்கிறவர்களுக்குக் கிட்னி போகும், எலும்பு போகும், முகம் வீங்கும் என்று ஒரு டாக்டர் பேசினார். முகம் வீங்கும் என்ற இடத்தை இன்னொரு தடவை போட்டுக் கேட்டேன். அது சதை இல்லை, வீக்கம். இத்தனை நாளும் வீக்கத்தைப் பார்த்துத்தான் பூரித்திருக்கிறேன். பயம் வந்தால் எனக்குக் கூடவே கோபமும் வந்துவிடும். அப்படியே பின் தெருவுக்குப் போனேன். அவள் வீட்டில் இருந்த கவர் அத்தனையையும் அள்ளி அடுப்பில் போட்டேன்.

"இன்னையோட இந்தச் சனியன நிறுத்து. வலிச்சாப் பல்லக் கடிச்சுக்க" என்றேன்.

தங்கை அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கொஞ்சம் கொஞ்சமா நிறுத்துலாமாக்கா? திடீர்னு உட்டா ஒடம்பு என்னமோ பண்ணுது."

"வெஷத்தக் கொஞ்சம் கொஞ்சமாவா நிறுத்துவாங்க? சொன்னதக் கேளு."

கேட்டாள். என் வாழ்க்கையில் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டிய வார்த்தை ஒன்று உண்டென்றால் அதுதான். அவள் உடம்பு அவளுக்குச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. அதைக் காது கொடுத்துக் கேட்க எனக்குப் பொறுமை இல்லை.

மூன்றாம் நாள் சோறு இறங்கவில்லை என்றாள். நாலாம் நாள் வாந்தி. ஐந்தாம் நாள் காலையில் தறிக்கு வந்தவள், ஊடைநூல் ஓட்டுகிற நாடாவை எடுக்கக் குனிந்தாள், அப்படியே தரையில் உட்கார்ந்து சரிந்துவிட்டாள். கை சில்லென்று இருந்தது. ஊசி போடுகிற டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனோம். அவர் பிரஷர் பார்த்துவிட்டு ஊசியும் போடவில்லை, ஒன்றும் போடவில்லை. "உடனே சேலம் கொண்டுபோங்க" என்றார். ஆம்புலன்சில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நான்தான் உட்கார்ந்திருந்தேன். மல்லூர் தாண்டும்போது ஒரு தடவை கண்ணைத் திறந்து, "தறி ஓடிட்டே இருக்குதாக்கா?" என்றாள்.

சேலத்தில் பார்த்தது ஒரு டாக்டரம்மா. வயது முப்பதுதான் இருக்கும். ஓமலூரிலிருந்து தங்கை மகளும் மருமகனும் அவனுடைய அம்மாவும் அதற்குள் வந்துவிட்டார்கள். பிரஷர் ஏறவே இல்லை, குளுக்கோஸ் எவ்வளவு போட்டும் ஏறவில்லை. டாக்டரம்மா வெளியே வந்து கேட்டார்.

"இவங்க தொடர்ந்து ஏதாச்சும் மாத்திரை சாப்பிட்டாங்களா?"

மகள் என் முகத்தைப் பார்த்தாள். மருமகன் பார்த்தான். எங்கள் வீட்டில் உடம்புக் கணக்கெல்லாம் எனக்குத்தானே தெரியும்.

"ஒண்ணுமில்லீங்க" என்றேன். "எப்பவாச்சும் தலைவலின்னா ஒண்ணு போடுவா."

டாக்டரம்மா போகவில்லை. "முகத்தைப் பார்த்துட்டுத்தான் கேக்கறேன். மூட்டுவலிக்கு மெடிக்கல்ல வாங்கி ஏதாச்சும்? நாட்டு மருந்து? நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா."

"இல்லீங்க."

ஏன் சொன்னேன்? பழக்கதோஷம் என்று ஒப்பேற்றிக்கொள்ளலாம். முதல் தடவை வாயில் வந்தது பழக்கதோஷம்தான். இரண்டாம் தடவை சொன்னது அப்படி இல்லை. புதுச் சம்பந்தி அம்மா அங்கே நின்றார். மகள் நின்றாள். இத்தனை பேர் நடுவில் இவளை இந்தக் கதிக்குக் கொண்டுவந்தது நான்தான் என்று என் வாயால் எப்படிச் சொல்வது என்று இருந்தது. மானம் போகும் என்று பயந்தேன். உள்ளே என் கூடப்பிறந்தவளுக்கு உயிர் போய்க்கொண்டிருந்தது, நான் வெளியே நின்று என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

அவர்கள் வேறு என்னென்னவோ சோதனை பண்ணினார்கள். இதயம் பார்த்தார்கள், ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்த்தார்கள். ஒவ்வொன்றுக்கும் மகள் ஓடி ஓடிக் கையெழுத்துப் போட்டாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து எல்லா சாமியையும் கூப்பிட்டேன். சாமியிடம் சொன்னதை டாக்டரிடம் சொல்லியிருந்தால் போதும்.

மறுநாள் காலை. "இன்னைக்கு இப்படியே இருந்தா கஷ்டங்க" என்று நர்சு மகளிடம் சொன்னது என் காதில் விழுந்தது. மகள் சுவரில் சாய்ந்து வழுக்கிக்கொண்டே தரையில் உட்கார்ந்தாள். நான் எழுந்து போய் டாக்டரம்மாவின் அறைக் கதவைத் திறந்தேன். கதவைச் சாத்தினேன். எல்லாவற்றையும் சொன்னேன். குட்டி வெள்ளை, ஒன்றரை வருஷம், அடுப்பு, எல்லாம். என் பர்சில் எப்போதோ போட்டுவைத்த கவர் ஒன்று கிடந்தது. அதை எடுத்து மேசை மேல் வைத்தேன்.

அவர் அதைத் திருப்பிப் பார்த்தார். "பேரே இல்லையேம்மா" என்றார். அதற்குள்ளேயே பாதி எழுந்துவிட்டார். அந்தக் குட்டி வெள்ளை ஸ்டீராய்டாகத்தான் இருக்குமாம், அதைத் தினம் தின்றால் உடம்பு தனக்கு வேண்டியதைத் தானாகச் சுரக்க மறந்துவிடுமாம். திடீரென்று நிறுத்தினால் வெளியிலிருந்தும் வராது, உள்ளேயும் சுரக்காது, உடம்பு அப்படியே சரிந்துவிடுமாம். கதவருகே நின்று, "நேத்தே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். திட்டவில்லை. நான் இத்தனை வருஷமாகப் பயந்த திட்டு அவ்வளவுதான்.

ஒரு ஊசி போட்டார்கள். மதியத்துக்குள் பிரஷர் ஏறியது. சாயந்திரம் என் தங்கை கண் திறந்து தண்ணீர் கேட்டாள். மகள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "நீங்க போய் டாக்டரக் கூட்டிட்டு வரலைன்னா அம்மாவக் காப்பாத்தியிருக்க முடியாதுங்க பெரியம்மா" என்றாள். உண்மை வாய் வரை வந்தது. முழுங்கிவிட்டேன். டாக்டரம்மாவும் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவள் நானேதான் என்று விட்டிருப்பார்.

உயிர் மிஞ்சியது. கால் மிஞ்சவில்லை. ஆறேழு மாதத்தில் இடுப்புப் பக்கம் வலி என்று ஆரம்பித்தாள். நடை கோணியது. எலும்பு டாக்டரிடம் அவளும் மகளும் நானுமாகப் போனோம். படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். தொடை எலும்பின் உருண்டைக்கு ரத்த ஓட்டம் நின்று அது உள்ளுக்குள் நொறுங்கிக்கொண்டிருக்கிறதாம். உடம்பு தேறினால் ஆபரேஷன் பார்க்கலாம், அதுவரை கோல் ஊன்றித்தான் நடக்க வேண்டும் என்றார். அப்புறம் அந்தக் கேள்வி.

"வலி மாத்திரை ரொம்ப நாள் சாப்பிட்டீங்களா? யாரு குடுத்தா?"

இந்தத் தடவை சொல்லிவிடுவது என்று வரும்போதே முடிவு பண்ணியிருந்தேன். சத்தியமாக. வாயைத் திறந்தேன். அதற்குள் என் தங்கை, எதிலும் முந்திக்கொள்ளாதவள், சொல்லிவிட்டாள்.

"நானேதானுங்க வாங்கிச் சாப்புட்டேன். யாருக்குந் தெரியாது. எங்கக்காதான் கண்டுபுடிச்சு நிறுத்துனா."

மகள் டாக்டர் முன்னாலேயே வெடித்தாள். "உனக்கு அறிவிருக்குதாம்மா? பெரியம்மா பக்கத்துலயே இருக்காங்க, ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? உன் கால நீயே கெடுத்துக்கிட்டியே." தங்கை தலையைக் குனிந்துகொண்டு கோலின் முனையைத் தடவிக்கொண்டிருந்தாள். நான் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன். திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் தனியாகக் கேட்டேன். "ஏன்டி அப்படிச் சொன்ன?"

"அப்பறம் என்னன்னு சொல்றது? நீ என்ன வேணும்னா குடுத்த? எனக்கு வலிக்கக் கூடாதுன்னுதான குடுத்த." காலை மெல்ல நீட்டிக்கொண்டு, "எனக்கு இருக்கறது ஒரே அக்கா. மகளுக்கு இருக்கறது ஒரே பெரியம்மா. இருந்துட்டுப் போகட்டும்" என்றாள்.

அவள் என்னைத் திட்டியாவது இருக்கலாம். அடித்தாவது இருக்கலாம். இதைத்தான் தாங்க முடியவில்லை.

டப்பாவைக் காலி பண்ணிவிட்டேன். தெருவில் யாராவது வந்தால், போய் டாக்டரைப் பாருங்கள், இதற்கு முன் தின்றதையெல்லாம் மறைக்காமல் சொல்லுங்கள் என்கிறேன். "அரை டாக்டரம்மாவுக்கு இப்பக் கைராசி போயிருச்சு போல" என்று சிரித்துக்கொண்டே நேராக மெடிக்கலுக்குப் போகிறார்கள். கடைக்காரர் என்னைப் பார்த்தால் இன்னும் கும்பிடுகிறார்.

தங்கைக்கு இப்போது நாலு மாத்திரை, முறைப்படி எழுதிக் கொடுத்தது, அட்டையோடு, பேரோடு. எது எப்போது என்று மகள் மாதாமாதம் ஓமலூரிலிருந்து வந்து பார்த்து வாங்கிவைக்கிறாள். வாங்கி அவள் அம்மாவிடம் கொடுப்பதில்லை. என்னிடம்தான் கொடுக்கிறாள்.

"அம்மாவ நம்ப முடியாதுங்க பெரியம்மா. மறுபடியும் யாருக்கும் தெரியாம எதையாச்சும் வாங்கித் தின்னுரும். நீங்கதான் உங்க கையால எடுத்துக் குடுக்கணும். நீங்க இருக்கறதாலதான் நான் நிம்மதியா ஊருக்குப் போறேன்."

நான் வாங்கி அந்த ரொட்டி டப்பாவிலேயே வைக்கிறேன். காலையில் எட்டு மணிக்கு மாத்திரையும் தண்ணீருமாகப் பின் தெருவுக்குப் போவேன். சத்தம் கேட்டதும் அவள் கோலைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுக் கையை நீட்டுவாள். என் கையில் இருப்பது என்ன என்று பார்க்கக்கூட மாட்டாள்.

"எதுக்கு, என்னன்னு ஒரு வார்த்தை கேட்டு முழுங்கு சாமி" என்று ஒரு நாள் சொன்னேன்.

"நீதான குடுக்கற" என்றாள். முழுங்கினாள்.